மாத்தேரான் குதிரையும் கூட நடக்கிற ஆளும்

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. ஆபீஸில் ஆணி அதிகம். பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸில் நாள் முழுக்கக் கணக்கைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, ஷேர் ஆட்டோவில் குர்லா ஸ்டேஷனுக்குத் திரும்பும்போது காதில் ஹாரன் சத்தம் மட்டும்தான் மிச்சம் இருக்கும். குர்லா தெரியாதவர்களுக்கு: நம்மூரிலிருந்து வருகிற பல ரயில்கள் வந்து நிற்கும் லோக்மான்ய திலக் டெர்மினஸ் இங்கேதான் இருக்கிறது. மூட்டை முடிச்சோடு இறங்குகிற தமிழனை மும்பை முதலில் வரவேற்பது ஆட்டோ ஹாரனால்தான்.

இந்தப் பதிவு, ஹாரனே இல்லாத ஓர் ஊரைப் பற்றி. குர்லாவிலிருந்து கர்ஜத் லோக்கலில் ஏறினால் சுமார் 70 கிலோமீட்டரில் நேரல். அங்கிருந்து மலை ஏறினால் மாத்தேரான். கார், பைக் எதுவும் ஊருக்குள் போகக்கூடாது. வருகிறவர்களைக் குதிரையில் ஏற்றி, கடிவாளத்தைக் கையில் பிடித்து, ஒவ்வொரு முனையாகக் கூட்டிப்போய்க் காட்டுவது அங்கே ஒரு பெரிய தொழில். அந்தக் குதிரைகளின் சரித்திரத்தைத் தேடிப் படிக்கப்போய், குதிரைக்குப் பக்கத்தில் நடக்கிற ஆளிடம் வந்து மாட்டிக்கொண்டேன். (மொக்கை என்று நினைப்பவர்கள் இப்போதே எஸ்கேப் ஆகிவிடலாம் :-))

முதலில் கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். 2023 நவம்பர், தீபாவளி முடிந்த கையோடு அம்மா ஊரிலிருந்து வந்திருந்தாள். மூட்டுவலி. பிளாட்டை விட்டு வெளியே போக லிஃப்ட் வேண்டும். "நாலு சுவத்தையே எத்தனை நாளுய்யா பாக்கது?" என்று கேட்டதும், ஒரு சனிக்கிழமை காலையில் கிளம்பிவிட்டோம். பத்லாபூர் தாண்டி வாங்கணி, ஷேலு, நேரல். நேரலில் ஷேர் டாக்ஸி. வளைந்து வளைந்து ஏறி தஸ்தூரி நாக்காவில் இறக்கிவிட்டான். பெட்ரோல் வண்டிகளுக்கு அதுதான் எல்லை. அங்கிருந்து ஊர்க் கடைத்தெருவுக்குச் சுமார் இரண்டரை கிலோமீட்டர் செம்மண் பாதை.

பக்கத்திலேயே அமன் லாட்ஜ் என்ற குட்டி ஸ்டேஷன் இருக்கிறது. அங்கிருந்து ஷட்டில் ரயில் உண்டு. ஆனால் சனிக்கிழமைக் கூட்டம்; வரிசையைப் பார்த்ததுமே அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. அடுத்து கைரிக்‌ஷா. முன்னால் ஒருவர் இழுக்க, பின்னால் ஆட்கள் தள்ளுவார்கள். அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "மனுசன் இழுக்க நான் ஒக்காந்து போறதா? வேண்டாம்ல."

மிச்சம் இருந்தது குதிரை. ஒரு பழுப்பு நிறக் குதிரையோடு இளைஞர் ஒருவர் வந்தார். அம்மா குதிரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அய்யனார் ஏறுத வாகனம்யா அது. அதுமேல நான் ஏறவா?" எங்கள் ஊர்ப்பக்கம் கண்மாய்க் கரையில் நிற்கும் மண்குதிரைகளைத் தவிர, அம்மா குதிரையை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. அந்தத் தம்பி ஒரு திண்டுக்குப் பக்கத்தில் குதிரையைக் கொண்டுவந்து நிறுத்தி, "ஆயி, இடது பக்கமா ஏறுங்க, அங்கவடியில பாதத்தோட முன்பாதி மட்டும் போதும்" என்று இந்தியில் சொல்லச் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். ஏறிவிட்டாள்! மேட்டில் ஏறும்போது முன்னால் சாயணும், இறக்கத்தில் பின்னால் சாயணும். ஐந்து நிமிடத்தில் அம்மா பழகிவிட்டாள். நான் செம்மண் புழுதியில் பின்னால் நடந்தேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

மாத்தேரான் பற்றி எதைத் திறந்தாலும் முதல் வரி ஒன்றுதான். 1850 மே மாதம், தாணே ஜில்லா கலெக்டர் ஹ்யூ மாலெட் இந்த மலையைக் "கண்டுபிடித்தார்". அடிவாரத்தில் சௌக் கிராமத்தில் முகாம் போட்டிருந்தவர், மேலே ஏறிப் பார்த்து, கோடைக்குத் தோதான இடம் என்று முடிவு செய்தார். பிறகு பம்பாய் கவர்னர் எல்பின்ஸ்டன் பிரபு பாதை, பங்களா என்று ஊரை வளர்த்தார். முனைகளுக்கெல்லாம் பெயர் வைத்தாயிற்று: லூயிசா பாயின்ட், அலெக்சாண்டர் பாயின்ட், ஷார்லெட் ஏரி...

மாத்தேரான் என்ற பெயரோ மராத்தி. மாத்தா என்றால் தலை, ரான் என்றால் காடு. தலையில் காடு உள்ள மலை. மாலெட் வருவதற்கு முன்பே பெயர் இருந்தது என்றால், பெயர் வைத்த ஆட்களும் இருந்தார்கள் என்றுதானே அர்த்தம்? தாக்கூர் பழங்குடிகள், காத்கரிகள், ஆடு மாடு மேய்த்த தன்கர்கள் என்று அந்தச் சரிவுகளில் மனிதர்கள் நடமாடிக்கொண்டுதான் இருந்தார்கள். ஒரு கலெக்டர், தெரியாத காட்டில், மே மாத வெயிலில், வழி தெரிந்த உள்ளூர் ஆள் யாரும் இல்லாமல் ஏறியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. அப்படிக் கூட வந்தவர் பெயரில் நான் பார்த்த வரையில் அங்கே ஒரு பாயின்டும் இல்லை. கலெக்டர், கவர்னர், துரைசானிகள் பெயரெல்லாம் பலகையில் இருக்கிறது.

ஏறக்குறைய நம்ம ஊட்டிக் கதைதான். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் நீலகிரி ஏறினார், "கண்டுபிடித்தார்". தோடர்களும் படகர்களும் கோத்தர்களும் அதுவரை அங்கே என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று பாடப்புத்தகத்தில் யாரும் கேட்கவில்லை.

ரயில் 1856-ல் கல்யாணிலிருந்து கோபோலி வரை நீண்டது. நேரல் அந்தப் பாதையில் வருகிறது. அதன்பிறகு பம்பாயிலிருந்து மாத்தேரான் போவது சுலபமாயிற்று. பார்சி, போரா வியாபாரிகளும் வெள்ளைக்கார அதிகாரிகளும் நேரலில் இறங்கி, மட்டக்குதிரையிலோ பல்லக்கிலோ மேலே போனார்கள். அரை நூற்றாண்டுக்கு அதுதான் வழி. குதிரைக்குக் கூலி, குதிரைக்காரனுக்குக் கூலி. சுற்றுலாக் குதிரைத் தொழிலின் ஆரம்பம் இதுதான்.

அந்தக் காலத்துப் பம்பாயே குதிரை ஊர்தான். 1874 மே மாதம் குதிரை டிராம் ஓட ஆரம்பித்தபோது கம்பெனியின் லாயத்தில் சுமார் 900 குதிரைகள். 1905-ல் குதிரை டிராமை நிறுத்தியபோது 1,360 குதிரைகள் இருந்தனவாம். 1907-ல் மின்சார டிராம் வந்தது.

அதே 1907-ல்தான் நேரல்-மாத்தேரான் மலை ரயிலும் வந்தது. சர் ஆதம்ஜி பீர்பாய் என்ற போரா கோடீஸ்வரரின் குடும்பம் சொந்தப் பணம் 16 லட்சம் ரூபாய் போட்டுக் கட்டியது. முன்னின்று முடித்தவர் மகன் அப்துல் ஹுசைன். இரண்டடி அகலத் தண்டவாளம், சுமார் 21 கிலோமீட்டர். (நம்ம மலை ரயில் ஊட்டியைத் தொட்டது அடுத்த வருடம், 1908-ல்.)

பம்பாயில் மின்சாரம் வந்ததும் டிராம் குதிரை போயிற்று. அப்படியானால் மாத்தேரானில் ரயில் வந்ததும் குதிரை போயிருக்க வேண்டும் இல்லையா? போகவில்லை. நேரலிலிருந்து மேலே கொண்டுவிடும் வேலையை ரயில் பெரும்பாலும் பறித்துக்கொண்டது. ஆனால் கொண்டுவந்து விட்ட கூட்டம் அந்த முனை, இந்த முனை என்று பார்க்க வேண்டுமே. மோட்டாரோ ஊருக்குள் இல்லை. குதிரை மலைச்சரிவை விட்டுவிட்டு மலையுச்சிக்குக் குடிபோனது. வேலையின் பெயரும் மாறிவிட்டது. அதுவரை சுமை தூக்குகிறவனாக இருந்த குதிரைக்காரன், சுற்றிக்காட்டுகிறவன் ஆனான்.

2003 பிப்ரவரியில் மத்திய அரசு மாத்தேரானைச் சூழல் உணர்திறன் மண்டலமாக அறிவித்தது. ஊருக்குள் மோட்டார் இல்லை என்ற பழைய வழக்கம் அதோடு சட்ட பலம் பெற்றது. ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டிக்கு மட்டும் விலக்கு. ரயிலுக்கோ சோதனைக்கு மேல் சோதனை. 2005 ஜூலை 26 பெருமழையில் (குர்லாக்காரனுக்கு அந்தத் தேதியைச் சொல்லவே வேண்டாம், மித்தி ஆறு வீட்டுக்குள் வந்த நாள்) தண்டவாளம் அடித்துக்கொண்டு போய், 2007-ல்தான் திரும்ப ஓடியது. 2016-ல் அடுத்தடுத்துத் தடம் புரண்டு நிறுத்தினார்கள். 2019 மழையில் மறுபடி சேதம், நேரலிலிருந்து முழுப்பாதையும் திறக்க 2022 அக்டோபர் ஆயிற்று. ரயில் படுத்த வருடங்களிலெல்லாம் பாரம் குதிரை மேலும் கைரிக்‌ஷா மேலும் தலைச்சுமைக்காரர் மேலும்தான் விழுந்தது. நகராட்சி உரிமத்தோடு நானூறுக்கும் மேற்பட்ட குதிரைகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர். கட்டணப் பலகையும் உண்டு.

இங்கே ஒரு சின்ன டைவர்ஷன், மன்னிக்கவும். குதிரை என்றால் தமிழனுக்கு என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்காக. நம் ஊரில் நல்ல குதிரை பிறக்காது, கடல் வழியாகத்தான் வரும். பட்டினப்பாலை காலத்திலேயே காவிரிப்பூம்பட்டினத்தில் குதிரை வந்து இறங்கியிருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பாண்டியர்கள் பாரசீக வளைகுடாவிலிருந்து குதிரை வாங்கிக் குவித்ததை வஸ்ஸாப் என்ற பாரசீகச் சரித்திரக்காரர் எழுதி வைத்திருக்கிறார். கீஷ் தீவு வியாபாரியிடமிருந்து வருடம் 1,400 குதிரைகள், ஒன்று 220 பொன் தினார். வழியில் செத்த குதிரைக்கும் பாண்டியன் கஜானாவிலிருந்து காசு! மாணிக்கவாசகர் குதிரை வாங்கக் கொண்டுபோன பணம் எங்கே போனது என்று பாண்டியன் அவ்வளவு ஆத்திரப்பட்டதில் நியாயம் இருக்கிறது பாருங்கள்.

மார்க்கோ போலோவும் அதையே சொல்கிறார். இத்தனை காசு கொட்டி வாங்கியும் குதிரைகள் இங்கே பிழைக்கவில்லை, பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லை, லாடம் அடிக்க ஆள் இல்லை, தீனியும் ஒத்துக்கொள்ளவில்லை என்று. அந்தப் பக்கத்தைப் படித்தபோது எனக்கு உறைத்தது இதுதான்: குதிரை என்றால் குதிரை மட்டும் இல்லை, அதைப் பார்த்துக்கொள்கிற ஆளும் சேர்ந்ததுதான். கூட நடக்கிற ஆள் இல்லாத ஊரில் 220 தினார் குதிரையும் வருடம் தாங்காது.

கரீபியன் தீவுகளுக்குக் குதிரை 1493-ல் கொலம்பஸின் இரண்டாவது பயணத்தில் கப்பலேறிப் போனது. சண்டைக்காகப் போனது. இன்று அங்கேயும் அதன் வேலை வெளியூர்க்காரர்களை ஏற்றிக் கடற்கரை சுற்றிக் காட்டுவது. பாண்டியன் கனவு கண்ட சாதியின் தூரத்துச் சொந்தம், மாத்தேரானில் என் அம்மாவைச் சுமந்துகொண்டு போனது. சண்டைக் குதிரைக்கு வேலை முடிந்த பிறகு உலகம் பூராவும் இதே கதைதான் போல.

இப்போது கஷ்டமான பகுதி.

மும்பையில் மரைன் டிரைவ், கேட்வே பக்கம் ஜிகினா ஒட்டிய விக்டோரியா குதிரை வண்டிகள் ஓடும், பார்த்திருப்பீர்கள். மிருக நல அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில் பம்பாய் உயர்நீதிமன்றம் 2015 ஜூனில் அதைச் சட்டவிரோதம் என்று சொல்லி, ஒரு வருடத்தில் மூடச் சொன்னது. காங்கிரீட் ரோட்டில் ஓடித் தேய்ந்த அந்தக் குதிரைகளின் நிலைமையைப் பார்த்தவர்கள் தீர்ப்பைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் ஓட்டியவர்களுக்கு மாற்றுத் தொழில், இழப்பீடு என்ற பேச்சு வருடக்கணக்கில் இழுத்தது. 2021-ல் மின்சார விக்டோரியா வந்தது. இஸ்தான்புல் பக்கத்துத் தீவுகளிலும் 2020-ல் குதிரை வண்டியை நிறுத்தி மின்சார வண்டி விட்டார்கள். மறுபக்கம், அமெரிக்காவில் மாக்கினா என்ற தீவு 1898-ல் மோட்டாரைத் தடை செய்தது. இன்றைக்கும் அங்கே குதிரைதான். ஆக, இதுதான் வழி என்று ஒற்றை வழி கிடையாது.

மாத்தேரான் விவகாரம் உச்சநீதிமன்றத்தில் போய் நின்றது. எந்த வழக்கின் கீழ் தெரியுமா? நீலகிரி கூடலூர் காட்டில் மரம் வெட்டுவதை எதிர்த்து 1995-ல் போட்ட கோதவர்மன் திருமுல்பாடு வழக்கு! நம்மூர்க் காட்டுக்காகக் கிளம்பிய வழக்கு, சஹ்யாத்ரியில் ஒரு குதிரைக்காரன் பிழைப்புவரை வந்து நிற்கிறது.

மனிதனை மனிதன் இழுப்பது கேவலம், எங்களுக்கு மின்சார ரிக்‌ஷா கொடுங்கள் என்று கைரிக்‌ஷா இழுப்பவர்கள் தரப்பில் கேட்டார்கள். 2022 மே மாதம் நீதிமன்றம் சோதனை ஓட்டத்துக்கு அனுமதித்தது. 2022 டிசம்பரிலிருந்து மூன்று மாதம் ஓட்டிப் பார்த்தார்கள். குதிரைக்காரர் சங்கங்களும் நீதிமன்றம் போயின. இன்று ஏழு ரிக்‌ஷா என்பீர்கள், நாளை எழுபது வரும், அப்புறம் எங்கள் குதிரையில் யார் ஏறுவார்கள் என்பது அவர்கள் பயம். பாதையில் பதிக்கிற கற்களைப் பற்றியும் சண்டை. செம்மண்ணில் நடந்து பழகிய, இரும்பு லாடம் அடித்த குளம்பு கல்லில் வழுக்கும். அதுவும் இறக்கத்தில், முதுகில் ஆளோடு.

2025 மார்ச்சில் வேறொரு பூதம். தஸ்தூரியில் இறங்குகிற சுற்றுலாக்காரர்களிடம் ரயில் இல்லை, ரிக்‌ஷா இல்லை என்று பொய் சொல்லிக் குதிரையில் ஏற்றிப் பணம் பிடுங்குகிறார்கள் என்று புகார். உள்ளூர்க்காரர்களே கடையடைப்பு செய்தார்கள். எல்லாரும் அப்படி இல்லை, ஆனால் புகாரில் உண்மையே இல்லை என்றும் சொல்ல முடியாது. பிழைப்பு போய்விடும் என்ற பயம் மனிதனை நல்லவனாக மாற்றுவதில்லை.

2025 ஆகஸ்ட் 6 அன்று தீர்ப்பு வந்தது. தலைமை நீதிபதி கவாய் அமர்வு, கைரிக்‌ஷா மனித கண்ணியத்துக்கு எதிரானது, ஆறு மாதத்தில் நிறுத்துங்கள் என்றது. இழுப்பவர்களுக்கே மின்சார ரிக்‌ஷா கொடுக்க வேண்டும், பணம் இல்லை என்று மாநில அரசு சாக்கு சொல்லக்கூடாது என்றும் சொன்னது. கல் பதிப்பதைத் தஸ்தூரியிலிருந்து சிவாஜி சிலை வரையிலான பிரதான பாதையோடு நிறுத்தி, உள்பாதைகளில் கூடாது என்றது. படித்தவுடன் சந்தோஷமாகத்தான் இருந்தது. "மனுசன் இழுக்க நான் ஒக்காந்து போறதா" என்று அம்மா இரண்டு வருடம் முன்பே கொடுத்த தீர்ப்பு அது.

ஆனால் அந்தக் குதிரைத் தம்பி ஞாபகம் வந்தான். அன்று வழியில் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தேன். குதிரை அவனுடையது இல்லை, முதலாளியுடையது. ஓட்டத்துக்கு இவ்வளவு என்று அவனுக்குப் பங்கு. அடிவாரக் கிராமத்திலிருந்து வருகிறவன். மாலை வரை அந்தப் பாதையில் எத்தனை முறை என்று கேட்டேன். "சனி ஞாயிறு எண்ணுறதில்ல சார்." அவன் எங்களுக்காக நடந்ததும் இரண்டரை கிலோமீட்டர்தான். குதிரை எவ்வளவு நடந்ததோ அவ்வளவு. கைரிக்‌ஷாவில் மனிதன் இழுப்பது கண்ணுக்குத் தெரிகிறது. குதிரைக்குப் பக்கத்தில் மனிதன் நடப்பது தெரிவதில்லை. ரிக்‌ஷா இழுத்தவருக்கு மின்சார ரிக்‌ஷா கிடைக்கட்டும், கட்டாயம் கிடைக்க வேண்டும். நாளைக்கு மிருகத்தின் கஷ்டத்தைப் பார்த்துக் குதிரையையும் நிறுத்தினால், அதிலும் நியாயம் இருக்கலாம். குதிரை முதலாளி உரிமம் கையில் வைத்திருக்கிறார், இழப்பீடு கேட்பார். உரிமமும் இல்லாத, குதிரையும் இல்லாத, கடிவாளத்தைப் பிடித்து நடக்கிறவன் எந்தக் கணக்கில் வருவான்? விக்டோரியா வண்டிக்காரர்களுக்கு நடந்ததைப் பார்த்த ஊரில் இருந்துகொண்டு இதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் திரும்பும்போது ஷட்டில் ரயில் கிடைத்துவிட்டது. நேரல் வந்து லோக்கலில் ஜன்னல் சீட் பிடித்து அம்மாவை உட்கார வைத்தேன். வாங்கணி தாண்டியதும் கேட்டாள்.

"ஏய்யா, அந்தப் பையன் பேரு என்ன?"

குதிரையின் பெயர் பாதல். நம்பர்கூட ஞாபகம் இருந்தது. மாலெட், எல்பின்ஸ்டன், பீர்பாய் எல்லாம் ஏற்கெனவே படித்து வைத்திருந்தேன். அவன் பெயரை நான் கேட்கவே இல்லை.

"தெரியலம்மா."

"இம்புட்டு நேரம் பேசிட்டுதான வந்த" என்றாள். அப்புறம் கல்யாண் வரைக்கும் ஒன்றும் பேசவில்லை.

டிஸ்கி: போகிறவர்களுக்கு நாலு வார்த்தை. தஸ்தூரியில் இறங்கியதும் யார் என்ன சொன்னாலும், முதலில் அமன் லாட்ஜ் ஸ்டேஷன்வரை நடந்து ஷட்டில் உண்டா என்று நீங்களே பாருங்கள். குதிரை என்றால் கட்டணப் பலகையைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். ஒரே குதிரையில் இரண்டு பேர் ஏறாதீர்கள். குதிரை நொண்டினாலோ முதுகில் புண் இருந்தாலோ வேறு குதிரை கேளுங்கள். கூட நடக்கிறவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். பேரையும் கேட்டு வையுங்கள்.